உக்கார்ற சேர மாத்துனா கழுத்து வலி போயிடுமா?

வணக்கம் மக்களே, நேரா விஷயத்துக்கு வந்துடறேன், ஏன்னா இந்த வீடியோவையும் பாதி பேரு குனிஞ்சு போன்லதான் பாத்துட்டு இருப்பீங்க. ஒண்ணு பண்ணுங்க, வலது கைய எடுத்து இடது பக்கம் கழுத்தும் தோளும் சேர்ற எடத்துல வச்சு விரலால லேசா அமுக்குங்க. தல நேரா இருக்கட்டும். இப்ப ஆமை மாதிரி தலைய மட்டும் முன்னாடி நீட்டுங்க... விரலுக்கு அடியில சதை டைட் ஆகுதா? ஆகுதுல்ல, லேப்டாப் முன்னாடி உக்காந்துருக்கற நேரம் பூரா அந்த சதை அப்படியேதான் இருக்கு.

நம்ம தல ஒரு அஞ்சு கிலோ வரும். குனியும்போது கழுத்துல 27 கிலோ லோடு விழுதுன்னு வாட்ஸாப்ல ஒரு படம் சுத்துமே, அது 2014ல ஒரு டாக்டர் கம்ப்யூட்டர் மாடல் வச்சு போட்ட கணக்கு, அதுவும் 60 டிகிரி குனிஞ்சா. உசுரோட இருக்கற ஆளு கழுத்துல அளந்தது கிடையாது. அதனால அத பாத்து பயந்துட்டு விறைப்பா உக்காராதீங்க, எங்க டீம்ல ஒருத்தர் காஸ்ட்லியா ஒரு சேர் வாங்கிட்டு வந்து ஸ்கூல் பையன் மாதிரி நிமிந்தே உக்காந்துருந்தாரு, அவருக்கும் வலிதான். என்னை கேட்டா குனியறது குத்தமே இல்ல, அசையாம இருக்கறதுதான் குத்தம். சதை கொஞ்சமா இறுகி இருந்தாக்கூட மணிக்கணக்கா விடாம இறுகி இருந்துச்சுன்னா அதுக்கு ரெஸ்டே இல்ல, வலிக்காம என்ன பண்ணும்?

நம்ம பொழப்ப பாருங்களேன், கேப்ல உக்காந்து சென்னை ஓஎம்ஆர் ரோட்டு டிராஃபிக்ல ஊர்ந்து போயி, ஆபீஸ்ல உக்காந்து, சாப்பாடும் டெஸ்க்லயே முடிச்சு, திரும்ப கேப்ல உக்காந்து வந்து சோபால சாஞ்சு ரீல்ஸ். வொர்க் ஃப்ரம் ஹோம்னா அந்த கேப் வரைக்கும் நடக்கறதும் போச்சு, கட்டில்லயே ஆபீஸ்!

அப்புறம் வலி வந்த உடனே ஸ்கேன் எடுத்து "எலும்பு தேஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டாங்கன்னு அழுவாங்க. ஜப்பான்ல வலி எதுவும் இல்லாத 1,200 பேருக்கு மேல கழுத்த எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து பாத்துருக்காங்க, 2015ல வந்த ஆராய்ச்சி, அதுல கிட்டத்தட்ட 87 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதான் கழுத்தெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறது, பிதுங்கி இருந்துச்சு. வலியே இல்லாதவங்களுக்கு! அதனால ரிப்போர்ட்ல எழுதிருக்கற ஒரு வரிய வச்சு கழுத்து அசையாம புடிச்சுக்கற காலர் பட்டைய மாட்டிட்டு மாசக்கணக்கா திரியாதீங்க, சதை இன்னும் வீக் ஆயிடும்.

நான் சொல்றது ரொம்ப சிம்பிள். அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிங்க, ஃபோன் வந்தா நடந்துக்கிட்டே பேசுங்க, தண்ணி பாட்டில டெஸ்க்ல வைக்காம தூரமா வைங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் தோளுக்கும் கழுத்துக்கும் டம்பெல்லோ இழுத்து பண்ற ரப்பர் பேண்டோ வச்சு எக்சர்சைஸ் பண்ணுங்க, ஆபீஸ் ஆளுங்க வலிக்கு மசாஜவிட இதத்தான் நான் நம்புவேன். உலக சுகாதார நிறுவனம் 2020ல வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் லேசா மூச்சு வாங்கற அளவுக்கு உடம்பு அசையணும்னு சொன்னது கழுத்துக்குன்னு இல்ல, மொத்த உடம்புக்கும்தான், ஆனா கழுத்தும் அதே உடம்புலதான இருக்கு.

அப்புறம் இந்த சலூன் மேட்டர். முடி வெட்டி முடிச்சிட்டு தலைய புடிச்சு படக்குனு ஒரு திருப்பு திருப்புவாங்க பாருங்க, தயவுசெஞ்சு வேணாம்ணேன்னு சொல்லிடுங்க. கழுத்து வழியா மூளைக்கு போற ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த கேஸ் இருக்கு. அபூர்வம்தான், ஆனா அந்த ஒரு சத்தத்துக்காக எதுக்கு ரிஸ்க்?

கை மரத்துப்போறது, பிடி தளர்றது, சட்டை பட்டன் போட தடுமாறுறது, நடக்கும்போது தள்ளாடுறது, வலியோட காய்ச்சல், இல்ல வண்டில விழுந்ததுக்கு அப்புறம் வந்த வலி, இதுல எது இருந்தாலும் நான் சொன்ன எதையும் ட்ரை பண்ணாம நேரா டாக்டர பாருங்க. ரப்பர் பேண்ட் எக்சர்சைஸ் அடுத்த வீடியோல செஞ்சே காட்டறேன், பை மக்களே.