பெரியப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

நேயர்களுக்கு வணக்கம். நான் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறவள். கடைக்கு மாதத்துக்கு நாலு பேராவது கையில் ஒரு பழைய லேப்டாப்போடு வருவார்கள். "இதைக் கொஞ்சம் ஃபார்மட் பண்ணிக் கொடுங்க, எங்க அப்பாவுக்குக் கொடுக்கணும், அவருக்கு இது போதும்" என்பார்கள். அந்த "இது போதும்" பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஏனென்றால் அதையே சொல்லி அதே காரியத்தை நானும் என் பெரியப்பாவுக்குச் செய்தேன், செய்திருக்கக் கூடாது.

பெரியப்பாவுக்கு 76 வயது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவர். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எதற்கு மனு எழுத வேண்டுமானாலும் தெருக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள், அவரும் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். இப்போது கை நடுங்குகிறது. எழுத்து கோணலாகப் போவதில் அவருக்குப் பெரிய வருத்தம். அப்படித்தான் ஒரு நாள், "ஏம்மா, எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் பாத்துக் கொடேன்" என்றார்.

வீட்டிலேயே ஒன்று இருந்தது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது, அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது. 2 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். துடைத்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். எனக்குக் காட்டுவதற்காக ஆசையாகத் திறந்தார். ஒரு படத்தின் மேல் கிளிக் பண்ணினார், ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பண்ணினார், அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை அழுத்தியதும் மூன்று ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து திரையே மாறிப்போனது. சூடான பாத்திரத்தில் கை பட்டவர் மாதிரி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றார்.

நாலு கார்பன் வைத்து, ஒரு பிழை இல்லாமல் பக்கம் பக்கமாக அடித்த மனுஷர். மெஷின் மெதுவாக இருந்தால் நாம் மெஷினைத் திட்டுவோம், அவர்கள் தங்களைத் திட்டிக்கொள்வார்கள். நாலு தடவை அப்படி ஆனால் "நமக்கு இதெல்லாம் வராது" என்று மூடி வைத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் "வாங்கிக் கொடுத்தோம், அவர் தொடவே இல்லை" என்பார்கள். அதனால் வயதானவருக்கு மெதுவான மெஷின் கொடுக்காதீர்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் சொன்னதும் கேட்கிற மெஷின் வேண்டும்.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு உண்மையிலேயே கம்ப்யூட்டர்தான் வேண்டுமா? வாட்ஸ்அப், யூடியூப், பேரப்பிள்ளையோடு வீடியோ கால், இவ்வளவுதான் என்றால் ஒரு நல்ல போனோ டேப்லெட்டோ போதும். ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற உயிர்வாழ் சான்றிதழைக்கூட இப்போது முகத்தைக் காட்டி ஆண்ட்ராய்டு போனிலேயே கொடுத்துவிட முடிகிறது. எழுதுகிறவர்கள், கணக்குப் பார்க்கிறவர்கள், பழைய புத்தகங்களைப் பெரிய எழுத்தில் படிக்க ஆசைப்படுகிறவர்கள், இவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர். பெரியப்பாவுக்கு மனு அடிக்க வேண்டும், பட்டா சிட்டா விவரத்தை இணையத்தில் பார்க்க வேண்டும், பஹ்ரைனில் இருக்கிற மகனோடு பேச வேண்டும். சரி, கம்ப்யூட்டர்தான்.

இரண்டாவது தடவை நான் தெளிவாக ஒரு முடிவோடு போனேன். கண்ணும் கையும் படுகிற இடத்தில், அதாவது திரை, கீபோர்டு, மவுஸ், இவற்றில் காசு போட வேண்டும், உள்ளே இருக்கிற பெட்டி பழசாக இருந்தால் பரவாயில்லை. கடையில் எல்லாம் இதற்கு நேர் எதிராகத்தான் பேச்சு போகும், கம்ப்யூட்டரின் மூளை மாதிரியான ப்ராசஸரைப் பற்றித்தான் ப்ராசஸர் ப்ராசஸர் என்பார்கள்.

பழைய பெட்டி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவைதான் இப்போது செகண்ட்ஹேண்ட் கடைகளில் "ஐ5 சார், ஐ7 சார்" என்று மலிவாக வருகின்றன. ஐ7 என்று கேட்டவுடன் மயங்க வேண்டாம். அதற்குப் பின்னால் வருகிற எண்ணைப் பாருங்கள். ஐ7-3770 என்றால் முதலில் இருக்கிற 3 தான் தலைமுறை, அது 2012-ல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, எடுக்கலாம். ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கம்.

நான் வாங்கியது கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற சின்னப் பெட்டி, மினி பிசி என்பார்கள், கனமான புத்தகம் அளவுக்குத்தான் இருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி, லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, இந்த வரிசையெல்லாம் எட்டாம் தலைமுறை. இவற்றுக்கு முந்தையவையான 3050-உம் ஜி3-யும் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், விலை குறைவு, ஆனால் ஆறு ஏழாம் தலைமுறை. எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வருகிற வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி 256 ஜிபி, போதும். எஸ்எஸ்டி மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும், முள் தேடிப் போய் எடுக்க வேண்டும், அந்தத் தேடலில்தான் பெரியப்பாவின் மூன்று கிளிக்கும் மாட்டிக்கொண்டது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற எதுவும் கிடையாது.

புதுசுதான் வேண்டும் என்று இருபதாயிரத்துக்குள் லேப்டாப் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டு அக்கா தன் மாமனாருக்கு ஒரு கடையில் அப்படித்தான் வாங்கினார், 64 ஜிபி சேமிப்பு, அதுவும் போர்டிலேயே ஒட்டியிருக்கிற இஎம்எம்சி என்ற மலிவுச் சேமிப்பு. ஆறு மாதத்தில் விண்டோஸ் அப்டேட் போட இடமில்லை என்று என்னிடம் வந்தது. மாற்றிப் போடவும் வழியில்லை. பெட்டி புதுசு, பிளாஸ்டிக் பளபளவென்று இருக்கிறது, வேலைக்கு ஆகவில்லை. அந்தப் பெரியவர் எழுதி வைத்த கோயில் கணக்கை எல்லாம் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று நிறையப் பேர் கேட்பார்கள். கட்டிலில், ஈஸி சேரில் வைத்துப் பார்க்கிறவர் என்றால் லேப்டாப். மேஜையில் உட்காருகிறவருக்கு டெஸ்க்டாப்தான் என்பேன், ஏனென்றால் லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கும், திரை கண்ணுக்குச் சரியாக இருந்தால் கீபோர்டு கைக்குச் சரியாக இருக்காது. கரண்ட் போவதற்கு ஒரு 600 விஏ யுபிஎஸ் வைத்தோம். மினி பிசி அதிகம் இழுக்காது, அரை மணி நேரம் தாராளமாக ஓடுகிறது, அடித்த மனுவைச் சேமித்து அணைக்க அது போதும்.

திரையை மட்டும் புதிதாக வாங்கினேன், 24 அங்குலம். 22-ம் 24-ம் பெரும்பாலும் ஒரே 1920-க்கு 1080 புள்ளிதான், அதனால் பெரிய திரையில் எழுத்தும் பெரிதாகவே தெரியும். கண் ரொம்ப மங்கல் என்றால் அதே புள்ளிகள் உள்ள 27 அங்குலம்கூட எடுக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பார்கள், தெரியட்டும், படிக்கப்போவது பெரியவர். அது போக விண்டோஸ் அமைப்பில் எழுத்தின் அளவை 125, 150 சதவீதம் என்று ஏற்றிக்கொள்ளலாம், மவுஸ் அம்புக்குறியைப் பெரிதாக்கிக் கறுப்போ மஞ்சளோ ஆக்கிக்கொள்ளலாம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பெரியப்பா அரை மணி நேரம் உட்கார்ந்ததும் கழுத்து வலிக்கிறது என்றார். பக்கத்தில் நின்று கவனித்தேன். அவர் போடுவது பைஃபோகல் கண்ணாடி, படிக்கிற பவர் கீழ்ப்பாதியில் இருக்கிறது. திரை உயரமாக இருந்ததால் அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். திரையை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, லேசாகப் பின்னுக்குச் சாய்த்து வைத்தோம். வலி போனது. திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், பைஃபோகல் போடுகிறவருக்கு அது பொருந்தாது.

அப்புறம் கீபோர்டு. விண்டோஸுடனேயே தமிழ்99 வருகிறது, புதிதாகக் கற்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில், 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் பெரியப்பாவின் விரலில் இருப்பது பழைய தட்டச்சு மெஷினின் வரிசை. அது விண்டோஸில் கிடையாது. எ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் தட்டச்சு முறை இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தேன். சாவிகள் நன்றாக உள்ளே போய் எழும்புகிற, பழைய மாதிரிக் கனமான கீபோர்டு ஒன்றையும் தேடி வாங்கினேன்.

உட்கார்ந்தார். கீபோர்டில் ஆங்கில எழுத்துதான் அச்சாகியிருந்தது, அதை அவர் பார்க்கவே இல்லை. ய, ள, ன, க என்று இடது கை விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம் எழுத்தை அடித்தார், மெஷினில் அடிக்கிற அதே வரிசையில். கை நடுக்கம் இருந்தது, ஆனால் திரையில் எழுத்து நேராக வந்தது. "அனுப்புநர்" என்று அடித்து நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தார். அந்தக் கீபோர்டு 1,300 ரூபாய். நான் வாங்கியதில் பிரயோஜனமான பொருள் அதுதான்.

மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி 14,000, திரை 7,800, கீபோர்டு மவுஸ் 1,700, வெப்கேம் 1,400, யுபிஎஸ் 2,900. இந்த விலை உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும், ரேம் விலையும் 2025 கடைசியிலிருந்து ஏறியிருக்கிறது. மினி பிசி வாங்குகிறவர்கள் வைஃபை உள்ளே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆபீஸில் கேபிளில் ஓடியவை, பலவற்றில் இருக்காது. சிலவற்றில் எச்டிஎம்ஐ கூட இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான், அதற்குத் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். கேமராவும் மைக்கும் கிடையாது. கடையிலேயே ஆன் பண்ணச் சொல்லி, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று அமைப்பில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வைரஸ் மென்பொருள் தனியாக வாங்க வேண்டாம், விண்டோஸில் இருப்பதே போதும். மனு அடிக்க லிப்ரெஆபீஸ் இலவசம்.

ஏழாம் தலைமுறைப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம், நிறையப் பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. பெரியப்பாவுக்கு விண்டோஸ் போட்டதற்கு ஒரே காரணம், பஹ்ரைனில் இருக்கிற அவர் மகனுக்கு அதுதான் தெரியும். சந்தேகம் வந்தால் போனில் யாரைக் கூப்பிடுவாரோ, அவருக்குத் தெரிந்ததைப் போடுங்கள்.

கடைசியாக, பயமுறுத்துகிற ஒரு விஷயம். திரையில் திடீரென்று "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று சிவப்பாக வரும். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் போன் நம்பர் வராது, அப்படி வந்தால் அது திருடன்தான். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று போலீஸ் உடையில் வீடியோ காலில் வருகிறவனும் அப்படித்தான், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரவுசரில் அறிவிப்பு அனுமதியை முழுவதும் அணைத்து வைத்தேன், விளம்பரத் தடுப்பான் போட்டேன், பெரியப்பாவுக்கு அட்மின் உரிமை, அதாவது புது மென்பொருள் போடுகிற, அமைப்பை மாற்றுகிற உரிமை, இல்லாத சாதாரணக் கணக்கு வைத்தேன். அதை மறைக்காமல் ஏன் என்றும் சொன்னேன். "ஆபீஸ்லயும் பீரோ சாவி ஒருத்தர்கிட்டதாம்மா இருக்கும்" என்றார். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு சீட்டில் பெரிதாக எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம்.

சொல்லிக் கொடுக்கும்போது மவுஸை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள். "இங்க குடுங்க, நான் பண்றேன்" என்று வாங்கினால் அவ்வளவுதான், அவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் கற்றுக்கொள்வார்கள். பெரியப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் தானே எழுதி வைத்திருக்கிறார். நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். நடுங்கிய கையெழுத்துதான், ஆனால் அது அவருக்குப் புரிகிறது. போன வாரம் போனபோது பதினேழாம் பக்கத்தில் இருந்தார், பிரிண்டர் எப்படி வாங்குவது என்று கேட்டார்.

நன்றி, வணக்கம்.