கரை கட்டிய பிரெங்கன்ஹோஃப்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் அதிகாரியை எதை வைத்து எடைபோடுவது? கணக்கேட்டை வைத்தா, அவர் கட்டிய கரையை வைத்தா? பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. காரணம், பிரான்ஸ் பல்தசார் ஃபொன் பிரெங்கன்ஹோஃப் என்ற மனிதர்.

1723-இல் ஹாலே நகரை அடுத்த ரைடெபுர்க்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே டெசாவ் இளவரசர் லியோபோல்டின் பணியில் சேர்ந்தார். பெரிய படிப்பு கிடையாது. குதிரையும் தானியமும் நிலமும் அவருக்கு அத்துப்படி. 1762-இல், ஏழாண்டுப் போர் ஓயும் தறுவாயில், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் அவரைத் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். பிரஷ்யாவின் பகுதிகளான பொமரேனியாவும் நொய்மார்க்கும் போரில் சீரழிந்து கிடந்தன. படைக் குதிரைகளையும் களஞ்சியத் தானியத்தையும் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து உழவைத் தொடங்க வைத்தார்கள். அந்தச் சீரமைப்பு இவர் பொறுப்பு.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது தண்ணீரால்தான். நெட்சே, வார்த்தே என்று இரண்டு ஆறுகள். இன்று போலந்தில் ஓடுகின்றன. வெள்ளம் வந்தால் எது ஆறு, எது தரை என்று தெரியாத சதுப்பு. 1763-இல் நெட்சேயில் வேலை தொடங்கியது, சில ஆண்டுகளில் வார்த்தேயிலும். கரை எழுப்புவது, வளைவுகளை வெட்டி நேராக்குவது, வடிகால் தோண்டுவது. ஆற்றோரத்தில் வாழும் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓரிடத்தில் கரை உடைந்தால் போதும், பட்ட பாடெல்லாம் போயிற்று. அதனால்தான் கரை கட்டுவதை நான் ஒரு முறை செய்து முடிக்கும் வேலையாக நினைப்பதில்லை. மண் சரியும், மறுபடி போட வேண்டும். வாய்க்கால் தூரும், மறுபடி வார வேண்டும்.

வடிந்த நிலத்தில் ஆட்களைக் குடியேற்ற வேண்டுமே! நிலம் கொடுத்தார்கள், சில ஆண்டுகளுக்கு வரிவிலக்கும் கொடுத்தார்கள். 1765-இல் மென்னோனைட் கிறித்தவர்கள் வந்து அமைத்த இரண்டு ஊர்களுக்கு இவர் பெயரே வந்தது: பிரெங்கன்ஹோஃப்ஸ்வால்டே, பிரான்ஸ்தால். வார்த்தேப் பக்கம் எழுந்த ஊர்களுக்கு ஜமைக்கா, சுமத்ரா, சிலோன் என்றெல்லாம் பெயர். ஒட்டகமும் எருமையும் கூடக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தார் இந்த மனிதர். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி கணக்குக்கு வருகிறேன். 1780-இல் அவர் இறந்தபோது அரசுப் பணத்தில் பெரும் பற்றாக்குறை தெரியவந்தது. மன்னர் அவருடைய சொத்துகளைக் கைப்பற்றச் செய்தார். கேட்டது தவறில்லை, பொதுப்பணத்துக்குக் கணக்கு காட்டத்தான் வேண்டும். ஆனாலும் கணக்கேட்டை மட்டும் புரட்டி ஓர் ஆயுளுக்குத் தீர்ப்பெழுத என் மனம் ஒப்பவில்லை. மறுபடியும் சொல்கிறேன், கரையையும் பாருங்கள். அந்தக் கரைக்குள் குடியேறிய குடும்பங்களையும் பாருங்கள்.

நேரம் நெருங்குகிறது. புரோம்பெர்க் கால்வாயைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1772-இல் போலந்தின் ஒரு பகுதி பிரஷ்யாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே தோண்டத் தொடங்கி, 1774-இல் விஸ்துலா ஆற்றுப் படகுகள் ஓடர் ஆற்றுப் பக்கம் போக வழி செய்தார் பிரெங்கன்ஹோஃப். ஆயிரக்கணக்கானோர் அந்தச் சேற்றில் இறங்கி உழைத்தார்கள். காய்ச்சலில் பலர் மாண்டார்கள். அவர்கள் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. கால்வாய் இன்றும் இருக்கிறது, போலந்தின் பிட்கோஷ்ச் நகரில். புரோம்பெர்க் என்பது அந்நகரின் ஜெர்மன் பெயர். வணக்கம்.