வெளிநாட்டுப் பனிச்சறுக்குப் பயணம்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

நேயர்களுக்கு வணக்கம். பனிச்சறுக்குக்காக வெளிநாடு செல்லத் திட்டமிடுபவர்கள், விமானச் சீட்டும் தங்குமிடமும் உறுதியானவுடன், காலில் பூட்டிச் சறுக்கும் நீண்ட பலகையான ஸ்கீயைச் சொந்தமாக வாங்கி எடுத்துச் செல்வதா, போன இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்வதா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலோர் வாங்கும் விலையை ஒரு நாள் வாடகையால் வகுத்துப் பார்த்து அதோடு முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கு தேவைதான்; ஆனால் அதற்கு முன்பு, ஸ்கீ வேறு, அதில் பொருத்துகிற காலணி வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கடைகளில் இரண்டையும் ஒரே தொகுப்பாக வாடகைக்குத் தருவதால், நாமும் இரண்டுக்கும் சேர்த்தே ஒரு முடிவை எடுத்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது காலணி. ஸ்கீயைப் பலர் கடைசிவரை வாங்காமலே இருந்துவிடலாம்.

காலணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பனிச்சறுக்குக் காலணி என்பது கெட்டியான பிளாஸ்டிக் ஓடும், அதற்குள் மெத்தென்ற உள்ளுறையும் சேர்ந்தது. நம் காலின் அசைவு ஸ்கீயைச் சென்றடைவது இந்த ஓட்டின் வழியாகத்தான். வாடகைக் காலணியின் உள்ளுறை எத்தனையோ பேருடைய கால்களில் அமுங்கித் தளர்ந்திருக்கும். அதனால் குதிகால் மேலெழும்பும். அதை அடக்க நாம் கொக்கிகளை இறுக்குவோம். இறுக்கினால் விரல்கள் மரத்துப்போகும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி எடுக்கும். முதல் நாள் மாலையிலேயே சோர்ந்து திரும்புகிறவர்களில் பலருக்குத் தொல்லை தருவது பயிற்சிக் குறைவு அன்று, காலுக்குப் பொருந்தாத இந்தக் காலணிதான்.

இதன் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும் எண்ணாக இருக்கும். 26 என்றும் 26.5 என்றும் தனித்தனியாக எழுதியிருந்தாலும், பல தயாரிப்பாளர்களிடம் அவை இரண்டுக்கும் வெளி ஓடு ஒன்றேதான். ஆகவே கடையில் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை நுழைத்து, விரல்நுனி முன்புறத்தைத் தொடும்படி நிற்க வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் நீளம் சரி. பிறகு உள்ளுறையோடு, மெல்லிய காலுறை ஒன்றை மட்டும் அணிந்து, கொக்கிகளைப் பூட்டிப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் விரல்கள் முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியவுடன் குதிகால் பின்னே சென்று விரல்கள் விடுபட வேண்டும். விறைப்பைக் காட்டும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அதற்குத் தயாரிப்பாளர்களிடையே பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருவரின் 100 மற்றொருவரின் 90 போல இருக்கலாம். திறமையான கடைக்காரர் உள்ளுறையைச் சூடாக்கி உங்கள் காலுக்கேற்ப வார்த்துத் தருவார். கணுக்கால் எலும்பு உறுத்துகிற இடத்தில் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளியும் கொடுப்பார். வாடகைக் கடையில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அடுத்த ஆண்டு அந்தக் காலணி அவர்களுக்குச் சேராது.

பயணத்தைப் பொறுத்தும் காலணிக்கு ஒரு சாதகம் உண்டு. ஸ்கீயையும் ஊன்றுகோலையும் விமானத்தில் பயணிகள் அறைக்குள் கொண்டுபோக விடுவதில்லை. காலணியைப் பெரும்பாலான நிறுவனங்கள் கைப்பையாக அனுமதிக்கின்றன, எடை வரம்பை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கில் போட்ட ஸ்கீ வந்து சேராவிட்டால் அன்று மாலையே வேறொன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம். உங்கள் காலுக்கென்று வார்த்த காலணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

இனி ஸ்கீக்கு வருவோம். கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு மோவாய் உயரத்துக்கு இருக்கும் குட்டை ஸ்கீ பொருந்தும். திருப்பங்கள் பழகியபின் மூக்கு அல்லது நெற்றி உயரத்துக்கு நீளம் கூடும். இந்த மாற்றம் சில வேளைகளில் ஒரே பயணத்துக்குள் நிகழ்ந்துவிடும். பனியும் நாளுக்கு நாள் மாறுகிறது. இயந்திரம் கொண்டு சமன்செய்த கெட்டியான சரிவில், நடுப்பகுதி 70 முதல் 85 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய ஸ்கீ கூர்மையாகத் திரும்பும். இரவில் பொழிந்த புதுப் பனியில் அது புதைந்துவிடும், அங்கே 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது வேண்டும். வாடகைக் கடைகள் பலவற்றில், அதே விலைப் பிரிவுக்குள் ஸ்கீயை இடையில் மாற்றிக்கொள்ளலாம். சொந்த ஸ்கீயோ வாங்கியபோது இருந்த அகலத்தில்தான் இருக்கும்.

பராமரிப்பைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. எஃகு விளிம்பைத் தீட்ட வேண்டும், அடித்தளத்துக்குச் சூடான மெழுகு பூச வேண்டும், கல் கீறிய பள்ளத்தை அடைக்க வேண்டும். ஈரத்தோடு பைக்குள் அடைத்து வைத்தால் விளிம்பு துருவேறிவிடும். பனியே இல்லாத ஊரில் வசிப்பவர் இந்த வேலைகளைத் தானே கற்றுச் செய்யலாம், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் போன இடத்தில் காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும்.

இவற்றோடு விமானக் கட்டணமும் சேர்கிறது. சில நிறுவனங்கள் ஸ்கீப் பையை வழக்கமான சரக்கு அளவுக்குள் சேர்த்துக்கொள்கின்றன. சில, போகும்போதும் வரும்போதும் தனித்தனியே கட்டணம் வாங்குகின்றன. இப்போது கணக்குக்கு வரலாம். ஒரு வார வாடகையை ஒரு பங்கு என்றும், ஸ்கீயின் விலையை நான்கு பங்கு என்றும், ஒரு பயணத்துக்கான பராமரிப்பைக் கால் பங்கு என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விமானத்தில் கட்டணம் இல்லையென்றால் ஒவ்வொரு பயணத்திலும் முக்கால் பங்கு மிஞ்சும். ஆறாவது பயணத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். போக வர விமானக் கட்டணம் அரைப் பங்கு என்றால் மிஞ்சுவது கால் பங்குதான். அதே பணம் திரும்பப் பதினாறு பயணங்கள் ஆகும். ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு, நீங்கள் வழக்கமாகப் போகும் விமான நிறுவனத்தின் சரக்கு விதியைப் படித்துவிடுவது நல்லது.

வாங்குவதுதான் சரி என்று சொல்லத்தக்கவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பல வாரங்கள் ஒரே வகைப் பனியில் சறுக்குகிறவர், தனக்குப் பிடித்த ஸ்கீ எது என்று கைகண்டுகொண்டவர், இழுவையூர்தி இல்லாத மலையில் ஏறிச் சறுக்குவதற்கான எடைகுறைந்த தனி வகையை விரும்புகிறவர் ஆகியோர் வாங்கலாம். அவர்களுக்கும், வாடகைக் கடைகள் பருவம் முடியும் தறுவாயில் குறைந்த விலைக்கு விற்கும் ஸ்கீகளை முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் மிகப் பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது. 1990களில் நடுவில் ஒடுங்கி இருமுனையும் விரிந்த வடிவம் பரவுவதற்கு முன்பு செய்யப்பட்ட நீண்ட, நேரான ஸ்கீகள் இன்று பழகுவதற்கு உதவாதவை. தவிர, காலணியைப் பிடித்திருக்கும் பைண்டிங் மிகப் பழையதாக இருந்தால், தயாரிப்பாளரின் பொறுப்பேற்பு நீங்கிவிட்டது என்று சொல்லிப் பல கடைகள் அதைத் திருத்திக்கொடுக்க மறுத்துவிடும்.

நாம் விழும்போது இந்த பைண்டிங் காலணியைத் தானே விடுவிக்க வேண்டும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யால்மார் வாம் என்னும் வீரர் 1937இல் காலை முறித்துக்கொண்டு கிடந்தபோதுதான் இப்படி விடுவிக்கும் அமைப்பை உருவாக்க முனைந்தார். இன்று அது எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை, எடை, உயரம், வயது, காலணியின் அடிப்பகுதி நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டு ஐ.எஸ்.ஓ. 11088 என்னும் தரநிலைப்படி கணக்கிடுகிறார்கள். எனவே வாடகைப் படிவத்தில் எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்து எழுதாதீர்கள்; ஓடும்போதே ஸ்கீ கழன்றுவிடும். திறமையைக் கூட்டி எழுதினால் விழும்போது அது கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

சொந்தக் காலணியோடு போகிறவர்கள் இன்னொன்றையும் எழுத வேண்டும். நடப்பதற்கு வசதியாக அடிப்பகுதி வளைந்த கிரிப்வாக் வகைக் காலணி எல்லா பைண்டிங்குகளிலும் சேராது. முன்பதிவு செய்யும்போதே அதைக் குறிப்பிட்டுவிட்டால் கடையில் பொருத்தமானதை எடுத்து வைப்பார்கள். புத்தாண்டு வாரத்திலும் பிப்ரவரிப் பள்ளி விடுமுறையிலும் முன்பதிவு இல்லாமல் போனால் மிஞ்சியதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தலைக்கவசத்தைச் சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாம். எடை குறைவு, இத்தாலியில் 2025 நவம்பர் 1 முதல் எல்லா வயதினருக்கும் அது கட்டாயமும்கூட.

வாடகை ஸ்கீ தொலைந்தால் பொறுப்பு நம்முடையது. உங்கள் பயணக் காப்பீடு வாடகைப் பொருளைச் சேர்த்துக்கொள்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டு, இல்லையென்றால் கடையில் தரும் கூடுதல் காப்பை எடுங்கள். உணவகத்தின் வாசலில் ஒரே நிறத்தில் பத்து ஜோடிகள் சாய்ந்திருக்கும். திருடுகிறவர்களைவிடத் தவறி மாற்றி எடுத்துப்போகிறவர்களே அங்கு அதிகம் என்பது என் எண்ணம். கடையிலிருந்து கிளம்பும்போதே ஸ்கீயில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். உடன் வருபவரின் ஒற்றை ஸ்கீயோடு உங்கள் ஒற்றையைச் சேர்த்து ஒரு பக்கமும், மற்ற இரண்டைச் சற்றுத் தள்ளி வேறொரு பக்கமும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போங்கள்.