கலாய்ப்பு எப்போ காதலாகுது? ‘உஸாகி-சான்’ ரெண்டாவது சீசனோட உள்வேலை

[திரையில்: காபிக் கடையோட கவுண்டர் மேடை. ஒரு கண்ணாடி டம்ளர், துடைக்கற கை. முகம் தெரியல.]

ஒருத்தி ஒருத்தனை 12 எபிசோடு கலாய்ச்சாச்சு. 13-வது எபிசோடுல என்ன பண்றது? அதே கலாய்ப்பைத் திரும்பப் போட்டா சலிச்சுடும். சட்டுனு காதலிக்க வெச்சா கலாய்ப்பு செத்துடும். காதல் காமெடி அனிமேக்கு, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடருக்கு, ரெண்டாவது சீசன் எடுக்கறவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் மாட்டுவாங்க. இதுல மாட்டாம வெளியே வந்த ஒரு தொடரைப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்: ‘உஸாகி-சான் வா அசோபிதாய்! டபுள்’.

‘அசோபிதாய்’னா விளையாடணும், ஊர் சுத்தணும்ங்கற ஆசை. ஆக, உஸாகிக்கு ஊர் சுத்தணும், அவ்வளவுதான் தலைப்பு. தாக்கேங்கற பேர்ல வரையற ஓவியரோட மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், 2017 டிசம்பர்ல நிகோநிகோ இணையதளத்துல ஆரம்பிச்சது. எங்கி ஸ்டுடியோ அனிமேயா எடுத்தாங்க, இயக்கம் கசுயா மியுரா. முதல் சீசன் 2020 ஜூலை 10-லேருந்து செப்டம்பர் 25 வரைக்கும் 12 எபிசோடு. ரெண்டாவது 2022 அக்டோபர் 1-லேருந்து டிசம்பர் 24 வரைக்கும் 13 எபிசோடு. கடைசித் தேதியை ஞாபகம் வெச்சுக்கங்க, அதுக்குத் திரும்ப வருவோம்.

கதை ரொம்பச் சின்னது. ஷினிச்சி சகுராய் காலேஜ் மூணாம் வருஷம். பார்வை கொஞ்சம் முரடு, தனியா இருக்கறதே அவனுக்கு நிம்மதி. ஹனா உஸாகி ரெண்டாம் வருஷம். ஹைஸ்கூல் நீச்சல் கிளப்புல அவனுக்கு ஜூனியர். சினிமாவுக்குக்கூட தனியா போற இந்த ஆளைப் பார்த்து “சென்பாய், இன்னும் தனியாத்தானா?”னு ஆரம்பிக்கறா. சென்பாய்னா சீனியர். அப்புறம் விடவே இல்ல.

[திரையில்: கிரேக்க எழுத்து ஒமேகா, பெரிசா. மெதுவா ஒரு வாயா மாறுது.]

தலைப்புக் கடைசியில ‘டபுள்’னு வாசிக்கற இடத்துல நிஜத்துல இருக்கறது சின்ன ஒமேகா எழுத்து. பார்க்க ஆங்கில டபிள்யூ மாதிரி இருக்கும். ஜப்பான்ல ‘இரட்டை’ங்கறதுக்குப் பதிலா டபிள்யூ போடறது சாதாரணம், அதனால ‘டபுள்’. அதே எழுத்தைத்தான் ஜப்பான்காரங்க எழுத்துக்குறியால முகம் வரையறப்போ பூனை வாயா வெப்பாங்க. ஹனா சேட்டை பண்றப்போ அவ வாய் அடிக்கடி அந்த வடிவத்துக்குத்தான் போகும். ரெண்டாவது சீசன்ங்கற தகவலும் நாயகியோட முகமும் ஒரே எழுத்துல வந்துடுச்சு. பேர்லயும் ஒரு வேலை இருக்கு. ஜப்பானிய மொழியில ‘உஸாய்’னா தொல்லைனு அர்த்தம். உஸாகிங்கற பேரைக் கேட்டதுமே அது காதுல விழும்.

சரி, கலாய்ப்பு எப்படி வேலை செய்யுது? ஜப்பான் மேடைக் காமெடியில மன்சாய்னு ஒரு வகை உண்டு. ரெண்டு பேர். ஒருத்தர் ஏடாகூடமா பேசுவார், அவர் ‘போகே’. இன்னொருத்தர் அதைப் பிடிச்சு வெட்டுவார், அவர் ‘ட்சுக்கோமி’. இங்கே ஹனா போகே, சகுராய் ட்சுக்கோமி. சகுராய் வாங்கிக்கிட்டு சும்மா நிக்கற ஆள் இல்ல. கத்துவான், வாதாடுவான், சில சமயம் திருப்பிக் கொடுப்பான். ஹனாவுக்குக் குரல் கொடுத்த நவோமி ஓசோராவும் சகுராய்க்குக் குரல் கொடுத்த கென்ஜி அகபானேவும் இந்தப் பந்தாட்டத்தைத் தாங்கிப் பிடிக்கறாங்க. கலாய்க்கப்படறவனுக்குத் திருப்பிப் பேச இடம் இருக்கற வரைக்கும்தான் அது விளையாட்டு. அந்த இடம் போச்சுன்னா அதுக்குப் பேரு துன்புறுத்தல்.

இதுக்கு உதாரணம் அனிமேக்கு வெளியிலயே கிடைக்குது. 2019 அக்டோபர்ல ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம் ரத்ததானத்துக்கு ஹனா படம் போட்ட சுவரொட்டி வெச்சாங்க. அதுல அவ கேக்கறது: சென்பாய், இன்னும் ரத்தம் கொடுத்ததே இல்லையா? ஊசின்னா பயமா? பெரிய விவாதமாச்சு. பொது இடத்துல அவ உடம்பை அப்படி வரைஞ்சு வைக்கலாமாங்கறதுதான் முக்கியமான எதிர்ப்பு. அந்த எதிர்ப்புல நியாயம் இருக்கு. ஆனா கலாய்ப்போட கட்டமைப்பை வெச்சுப் பார்த்தா இன்னொரு குறையும் தெரியும். சுவரொட்டியில சகுராய் இல்ல. பதில் சொல்ல வேண்டிய ஆள் இல்லாததால, தெருவுல போற யாரோ ஒருத்தர் மேல அந்தச் சீண்டல் விழுது. தெரியாதவங்க சீண்டினா யாருக்கும் சிரிப்பு வராது. 2020 பிப்ரவரியில அடுத்த கூட்டு முயற்சி ரெண்டு பேரும் பேசிக்கற சின்ன காமிக்ஸா வந்தது. அதுல பதில் சொல்ல ஆள் இருந்தது.

[திரையில்: “காட்சியைக் கட்டுவோம் – 40 விநாடி”]

இப்போ ஒரு காட்சியை நாமளே கட்டிப் பார்ப்போம். இது தொடர்ல வர்ற காட்சி இல்ல, அளவு புரியறதுக்காக நாங்க எழுதினது. இடம், சகுராய் பகுதிநேர வேலை பார்க்கற ‘ஆசியா’ காபிக் கடை. பின்னாடி கடை முதலாளி அகிஹிகோ அசாய், அவர் பொண்ணு அமி. மொத்தம் 40 விநாடி. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம்னா, 960 ஃப்ரேம்.

சகுராய் டம்ளர் துடைக்கறான், 4 விநாடி. ஹனா மேடையில சாய்ஞ்சுக்கிட்டு “சென்பாய், ஞாயித்துக்கிழமை என்ன பிளான்?”னு கேக்கறா, 6 விநாடி. சகுராய் பாதி முகம், பதில் இல்ல, 3 விநாடி. “ஓ... தனியா சினிமாவா? பாவம், நான் வேணா துணைக்கு வரட்டுமா?” 7 விநாடி. “தனியா போறது என் இஷ்டம், உனக்கென்ன!” 5 விநாடி. அப்புறம் அமைதி, சரியா 2 விநாடி. அவன் சட்டைப் பையிலேருந்து ரெண்டு டிக்கெட் நழுவி மேடையில விழுது, 3 விநாடி. ஹனா முகம், 4 விநாடி. பின்னாடி அமி தட்டைக் கீழே வைக்கறா, அப்பாவும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க, 6 விநாடி. முடிஞ்சுது.

இதுல உயிர் அந்த 2 விநாடி அமைதிதான். ‘மா’னு சொல்வாங்க, இடைவெளி. 48 ஃப்ரேம், ஒரே ஓவியம், அசைவே இல்ல. வரையறதுக்கு ரொம்ப மலிவு, நேரம் பார்த்து வைக்கறதுதான் கஷ்டம். 1 விநாடியா குறைச்சா யாரும் கவனிக்க மாட்டாங்க. 4 விநாடியா இழுத்தா காமெடி போய் சோகக் காட்சி ஆகிடும். காட்சிகளை முன்கூட்டியே வரைஞ்சு வைக்கற ஸ்டோரிபோர்டுலயே இந்த அளவை எழுதிடுவாங்க. ஜப்பான்ல படத்துக்கு அப்புறம்தான் குரல் பதிவு, ‘அஃபுரேகோ’னு பேரு. ஆனா அப்பவும் பல சமயம் படம் முழுசா முடிஞ்சிருக்காது. யார் எப்போ பேசணுமோ அந்த நேரத்துக்கு மட்டும் பாத்திரத்தோட பேர் திரையில தோணி மறையும், நடிகர் அதுக்குள்ள பேசி முடிக்கணும். இடைவெளியைத் தப்பா குறிச்சா, எவ்வளவு நல்ல நடிகராலயும் அதை மீட்க முடியாது.

சிக்கல் வர்ற இன்னொரு இடம் ஹனாவோட அந்த 4 விநாடி முகம். காமெடி அனிமேல தலை பெரிசு, உடம்பு குட்டின்னு பொம்மை மாதிரி சுருக்கி வரையற பழக்கம் உண்டு. கேள்வி கேக்கற இடத்துல அப்படிப் போடலாம். டிக்கெட்டைப் பார்க்கற இடத்துல போடக் கூடாது. அங்கே அவ முழு அளவு முகத்தோட இருக்கணும். சுருக்கிட்டா சிரிப்பு வரும், ஆனா அவ மனசு தெரியாது. அமியோட ஷாட்டை ஹனா முகத்துக்கு முன்னாடி வெச்சா இன்னும் மோசம். பார்க்கறவங்களை “இப்போ சிரி”னு சொன்ன மாதிரி ஆகிடும்.

முதல் சீசன் பாணியில இதே காட்சி அவன் கத்தலோட முடிஞ்சிருக்கும். டிக்கெட் விழுந்திருக்காது. ரெண்டாவது சீசன்ல வர்ற மாற்றம் இதுதான்: கேள்வி அதே கேள்வி, ஆனா பதிலுக்குப் பின்னாடி ஏதோ ஒளிஞ்சிருக்கு. அதைவிட முக்கியம், கலாய்க்கறவங்க மாறிடறாங்க. அமி, முதலாளி, நண்பன் சகாகி இவங்க மூணு பேரும் நமக்குப் பக்கத்துல உக்காந்து பார்க்கற ஆளுங்க மாதிரி. ஹனா சகுராயைச் சீண்டுவா, மத்தவங்க ரெண்டு பேரையும் சேர்த்துச் சீண்டுவாங்க. இதுவரைக்கும் கலாய்ச்சே பழகின ஹனாவுக்குத் தன்மேல வர்ற கலாய்ப்பைத் தாங்கத் தெரியாது. அவ தடுமாறறதுதான் புது எரிபொருள்.

அடுத்த அடி குடும்பம். ரெண்டாவது சீசன்ல உஸாகி வீடே வெளிச்சத்துக்கு வருது: அப்பா ஃபுஜியோ, அம்மா ட்சுகி, தம்பி கிரி, தங்கச்சி யானகி. பேரையெல்லாம் வரிசையா வெச்சுப் பாருங்க. ஃபுஜி விஸ்டீரியா கொடி, ட்சுகி நிலா, ஹனா பூ, கிரி பவுலோனியா மரம், யானகி வில்லோ மரம். மாசத்துக்கு 4 சீட்டா 48 சீட்டு இருக்கற ‘ஹனாஃபுதா’ங்கற பூச்சீட்டுக் கட்டுல இதெல்லாம் வரும். சகுராய்ங்கற பேருக்குள்ள இருக்கற சகுரா, செர்ரிப் பூ, அதே கட்டுல மார்ச் மாசத்துச் சீட்டு. இந்தப் பேர் வரிசை எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

குடும்பம் வந்தா மொழியிலயே ஒரு முடிச்சு விழுது. சகுராய் அவளை எப்பவும் குடும்பப் பேரால ‘உஸாகி’னுதான் கூப்பிடறான். ஜப்பான்ல குடும்பப் பேர் ஒரு தூரத்தைக் காட்டும், சொந்தப் பேர் நெருக்கத்தைக் காட்டும். அஞ்சு உஸாகிங்க உக்காந்திருக்கற வீட்டுல “உஸாகி”னு கூப்பிட்டா யார் திரும்பறது? ஒரு சத்தத்தை மாத்தறதுக்குள்ள அவனுக்கு வேர்க்கும். ஜப்பானிய வழக்கம் தெரியாம பார்த்தா இந்தப் பதற்றம் புரியவே புரியாது.

[திரையில்: வசன வரி ஒன்று, ‘நீ’, ‘நீங்க’, ‘தாங்கள்’ என்று மாறி மாறி.]

ஹனா பேச்சையும் கவனிங்க. வாக்கியக் கடைசியில ‘ஸ்ஸு’னு ஒரு ஒலி வரும். ‘தேசு’ங்கற மரியாதை முடிவோட தேய்ஞ்ச வடிவம், சீனியர்கிட்ட ஜூனியர் பேசற பாதி மரியாதை. தமிழ்ல வசனம் எழுதறவங்க இதை ‘நீ’னு போட்டா அவ திமிர் பிடிச்சவளா தெரிவா. ‘தாங்கள்’னு போட்டா கலாய்ப்பே காணாமப் போகும். ‘நீங்க’ போட்டு, கேள்வியை மட்டும் குறும்பா வெக்கணும்: “சென்பாய், நீங்க நெஜமாவே அவ்வளவு பிஸியா?” சகுராய் அவளை ‘நீ’னு பேசறது சரி. ‘சென்பாய்’ங்கற சொல்லை ‘அண்ணா’னு மாத்திடாதீங்க. காதல் கதையில அது எங்கே கொண்டுபோய் விடும்னு சொல்லவே வேண்டாம்.

குறைகளும் இருக்கு. அம்மா ட்சுகி, சகுராய் தன்மேலதான் ஆசைப்படறான்னு தப்பா புரிஞ்சுக்கற ஜோக்கை ரொம்ப நீட்டறாங்க. முதல்ல வேலை செஞ்சது, அதுக்கப்புறம் நேரத்தைத் தின்னுது. ஹனாவோட உடம்பை வெச்சுப் பண்ற ஜோக்குகளும் அப்படித்தான். ‘சுகோய் தேகாய்’, அதாவது ‘ரொம்பப் பெரிசு’ன்னு எழுதின அவ டிஷர்ட் புகழ் பெற்றதுதான். ஆனா ரெண்டு பேரோட பேச்சு இவ்வளவு கூர்மையா இருக்கற தொடருக்கு அது தேவையே இல்ல.

“ஒண்ணா சுத்தறாங்க, ஒண்ணா சாப்பிடறாங்க, அவன் ரூம்ல மணிக்கணக்கா கேம் ஆடறாங்க, இன்னும் காதலர்கள் இல்லையா?”னு நிறைய பேர் கேக்கறாங்க. ஜப்பான்ல ‘கொகுஹாக்கு’னு ஒரு படி உண்டு. “உன்னைப் பிடிச்சிருக்கு, என்னோட பழகறியா?”னு வாய்விட்டுக் கேக்கணும், எதிர்ல இருக்கறவங்க சரின்னு சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் ஜோடி. அதுவரைக்கும் எத்தனை நாள் ஒண்ணா சுத்தினாலும் நண்பர்கள்தான். அந்த ஒரு வாக்கியத்தை யார் முதல்ல சொல்றதுங்கறதுலதான் 13 எபிசோடும் ஓடுது. கலாய்ப்பு அதுக்கு ஒளிஞ்சுக்கற இடம். சொல்லிட்டு “சும்மா சொன்னேன்”னு பின்வாங்கலாம் இல்லையா?

இப்போ டிசம்பர் 24. ஜப்பான்ல கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பெரும்பாலும் காதலர்கள் வெளியே போற நாள். கடைசி எபிசோடு ஒளிபரப்பானது அந்தத் தேதியில. அன்னிக்கு ராத்திரி வீட்டுல உக்காந்து இதைப் பார்த்த ஜப்பானிய ரசிகருக்கு, ‘தனியாத்தானா?’ங்கற ஹனாவோட கேள்வி நேரா தன்னையே கேட்ட மாதிரி இருந்திருக்கும்.

பார்க்க ஆரம்பிக்கறவங்களுக்கு: முதல் சீசனைத் தாண்டிட்டு வராதீங்க. ரெண்டாவது சீசன் சிரிப்புல பாதி, பழைய சண்டைகளோட எதிரொலி. நேரம் இல்லன்னா முதல் எபிசோடையும் தொத்தோரி மணற்குன்றுக்குப் போற பயணத்தையுமாவது பார்த்துட்டு வாங்க. ஒரே நாள்ல 13 எபிசோடையும் முடிக்காதீங்க, ஒரு உக்காருல ரெண்டு போதும். கலாய்ப்பு அடுத்தடுத்து வந்தா காது மரத்துடும். ரெண்டாவது சீசனை க்ரஞ்சிரோல்ங்கற அனிமே ஸ்ட்ரீமிங் தளம் வெளியிட்டாங்க. ஜப்பானியக் குரலோட பார்த்தா அந்த ‘ஸ்ஸு’ காதுல விழும்.

பார்க்கறப்போ ஒரு வேலை பண்ணுங்க. ஹனா “சென்பாய்”னு ஆரம்பிக்கற இடத்துல படத்தை நிறுத்தி அவ வாயைப் பாருங்க. ஒமேகா வளைவு இருந்தா விளையாடறா. வளைவு போய் வாய் இறுகி நின்னா, அந்தக் கேள்விக்கு அவளுக்கு நெஜமாவே பதில் வேணும்.

[திரையில்: மேடையில் ரெண்டு டிக்கெட். ஒரு கை வந்து ஒண்ணை எடுக்குது.]