மாடிப்படி காரணமில்லை

எல்லோருக்கும் வணக்கம்.

கருச்சிதைவுக்குப் பிறகு பெரும்பாலான பெண்கள் காரணத்தைத் தேடுகிறார்கள். அன்றைக்கு மாடிப்படி ஏறினேனே, குடத்தைத் தூக்கினேனே, அவரோடு சண்டை போட்டேனே என்று போன வாரங்களை ஒவ்வொரு நாளாகப் புரட்டிப் பார்க்கிறார்கள். சுற்றியிருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. "நான் அப்பவே சொன்னேன், வண்டியில போகாதேன்னு" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வந்துவிடும். மனநல மருத்துவம் அந்தக் குரலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. பெரும்பாலும் அது கரு உருவாகும் நேரத்திலேயே நேர்ந்துவிடுகிறது. அந்தப் படியில் கால் வைப்பதற்கு வெகு நாள் முன்பே! இருந்தும், 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாரம் தூக்கினால் கரு கலையும் என்று 64 சதவீதம் பேர் நம்பினார்கள். கருச்சிதைவை அனுபவித்தவர்களில் 47 சதவீதம் பேர் குற்ற உணர்வோடு இருந்தார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஊர் நம்புவது அந்தப் பெண்ணின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்புறம், நாம் துக்கத்தை மட்டுமே தேடுகிறோம். அழுகிறாரா, சாப்பிடுகிறாரா, அவ்வளவுதான். லண்டன் மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தொடக்க காலத்திலேயே கர்ப்பத்தை இழந்த பெண்களில், ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கு விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு நீடித்தன. மனச்சோர்வு இதைவிடக் குறைவு. அந்த அதிர்ச்சி எப்படித் தெரியும்? கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அந்த ரத்தம் கண்முன் வரும். ஸ்கேன் அறை கனவில் வரும். மருத்துவமனை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார்கள். வெளியில் இருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார், வேலைக்குக்கூடப் போகிறார். அதனால் யாரும் கேட்பதில்லை.

"அடுத்தது சீக்கிரம் வந்துடும்" என்கிறோம். நல்ல மனசோடுதான் சொல்கிறோம், சரி. ஆனால் அடுத்த கர்ப்பம்தான் பலருக்குப் பயத்தின் உச்சம். நல்லபடியாகக் குழந்தை பிறந்த பிறகும் சிலருக்கு அந்தப் பதற்றம் போவதில்லை.

தூக்கமின்மையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தொடர்ந்தாலோ, பழைய காட்சி திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே. பேச்சு வழிச் சிகிச்சைகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

இங்கே வந்திருக்கும் மகப்பேறு மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். மறுபரிசோதனையில் கர்ப்பப்பை சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கிறீர்கள். அதே நாற்காலியில் வைத்து, "ராத்திரி தூங்குறீங்களா, எதையாவது நினைச்சு உங்களையே குத்தம் சொல்லிக்கிறீங்களா?" என்றும் கேளுங்கள். கணவர் வெளியே நின்றுகொண்டிருந்தால் அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள்.