முன்மாரியும் பின்மாரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எபிரேய வேதத்தில், எஸ்றாவின் புத்தகம் 10-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. ஒன்பதாம் மாதம், 20-ஆம் தேதி. யூதா, பென்யமீன் ஆட்கள் எல்லாரும் எருசலேம் ஆலயத்துக்கு முன்னால் திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பங்களையே பிரிக்கப்போகிற ஒரு முடிவுக்காக அவர்களை வரவழைத்திருக்கிறார்கள். எல்லாரும் நடுங்குகிறார்கள். எதனால்? அந்தக் காரியத்தினாலும் அடைமழையினாலும் என்கிறது புத்தகம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கடைசியில் ஜனங்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள்: கூட்டம் பெரியது, இது மழைக்காலம், வெளியே நிற்க எங்களால் ஆகாது.

ஒன்பதாம் மாதம் என்றால் கிஸ்லேவ். நம் கணக்கில் நவம்பர் கடைசியும் டிசம்பரும். எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 36-இல் யூதாவின் ராஜா யோயாக்கீம் தீச்சட்டிக்கு முன்னால் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறானே, அதுவும் இதே ஒன்பதாம் மாதம்தான்.

வேதத்தில் மழை என்று வந்தாலே ஆசீர்வாதம் என்று பொருள் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. உவமையாவதற்கு முன்னால் அது யாரோ ஒருவருடைய வயலில் பெய்த மழை. எவருடைய தலையையோ நனைத்த மழை.

உபாகமம் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகிற தேசம் எகிப்து மாதிரி இருக்காது என்கிறார் மோசே. எகிப்தில் விதைத்துவிட்டு, கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோல் காலால் நீர் பாய்ச்சினீர்கள். இதுவோ மலையும் பள்ளத்தாக்கும் உள்ள தேசம், வானத்து மழையைக் குடிக்கிற தேசம். எகிப்தியனுக்கு நைல் இருக்கிறது. பாத்தி வரப்பைக் காலால் தள்ளித் திறந்தால் தண்ணீர் வந்துவிடும். யூதேயா மலைக்காரனுக்கு அப்படி ஆறு எதுவும் இல்லை. நம் வழக்கில் சொன்னால் அது வானம் பார்த்த பூமி. எருசலேமில் ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது அத்தனையும் குளிர்கால மாதங்களில் பெய்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய ஒன்றுமில்லை, பனித்துளி மட்டும்.

அதே அதிகாரத்தில்தான் முன்மாரியும் பின்மாரியும் வருகின்றன. எபிரேயத்தில் யோரே, மல்கோஷ். அருமையான தமிழ்ச் சொற்களைப் போட்டிருக்கிறார்கள் மொழிபெயர்த்தவர்கள். ஆனால் பின்மாரி என்றால் கடைசியில் வரும் பெருமழை என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. பெருமழை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. யோரே அதற்கு முன்னால், அக்டோபர் கடைசியில், நவம்பரில் வருவது. ஐந்து மாத வெயிலில் மண் ஓடாக இறுகிக் கிடக்கும், கொழு இறங்காது. யோரே விழுந்து மண் இளகினால்தான் உழவும் விதைப்பும். மல்கோஷ் மார்ச், ஏப்ரலில் வருவது. அளவில் சிறிய மழைதான். ஆனால் கதிர் பால் பிடிக்கிற நேரம் அது. அப்போது அது பொய்த்தால் பயிர் நின்ற நிலையிலேயே பதராகிவிடும்.

கேசேர் என்ற ஊரில் 1908-இல் ஒரு சின்னச் சுண்ணாம்புக்கல் பலகை கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். வயது ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேகரிப்பு இரண்டு மாதம், விதைப்பு இரண்டு மாதம், பின்விதைப்பு இரண்டு மாதம் என்று ஆண்டு முழுவதையும் வேலைகளாலேயே எண்ணிச் சொல்கிறது. அந்தப் பின்விதைப்புக்கு அதில் வெட்டியிருக்கிற சொல்லும் மல்கோஷும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஒரு விவசாயியின் நாள்கணக்கில் இருந்த சொல்தான் வேதத்துக்குள்ளும் வந்திருக்கிறது.

கர்மேல் மலையில், மழை வருகிறதா என்று பார்த்துவர எலியா தீர்க்கதரிசி அனுப்பிய ஊழியக்காரன் ஏழு தடவையும் கடலைத்தான் பார்த்தான் என்பதையும் கவனியுங்கள். அங்கே மழை மேற்கே, மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. கிழக்கே பாலைவனம், அங்கிருந்து வருவது பயிரைக் கருக்கும் அனல் காற்று.

பெய்கிற மழையைப் பிடித்து வைக்கத்தான் துரவு. ஊற்று இல்லாத மலை ஊர்களில் பாறையைக் குடைந்து, வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் நிலவறைத் தொட்டி செய்வார்கள். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் அதில் இறங்கும். சுண்ணாம்புப் பாறை வெடிப்பு விடும் என்பதால் உள்ளே சாந்து பூச வேண்டும். அப்படி ஒரு பழைய துரவின் வாய்க்கல்லை நான் பார்த்திருக்கிறேன். விளிம்பைச் சுற்றிக் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள். என் விரல் ஒவ்வொன்றிலும் சரியாகப் பொருந்தியது. எத்தனை தலைமுறைப் பெண்கள் அதில் தண்ணீர் இறைத்திருப்பார்கள்!

எரேமியா 2-ஆம் அதிகாரம் இந்த வாய்க்கல்லுக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியது. ஜீவத்தண்ணீர் ஊற்றாகிய என்னை விட்டுவிட்டுத் தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். ஜீவத்தண்ணீர், மயீம் ஹய்யீம், அன்றாட எபிரேயத்தில் சுரந்து ஓடுகிற ஊற்றுநீர். பாறை வெட்டிக் கை காய்த்துப்போனவனுக்கு, ஒரு கோடை முழுக்கக் குடைந்த தொட்டி முதல் மழையிலேயே கசிவதைக் கண்டவனுக்கு, இந்த வசனம் எங்கே போய்த் தைத்திருக்கும்! 14-ஆம் அதிகாரத்தில் பஞ்சம் வருகிறது. பிரபுக்கள் தண்ணீருக்கு அனுப்பிய ஆட்கள் வெறுங்குடத்தோடு, தலையை மூடிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். பெண்மான் அப்போதுதான் ஈன்ற குட்டியை விட்டுவிட்டு ஓடுகிறது, புல் இல்லாததால்.

அந்த எரேமியாவையே பிற்பாடு ஒரு துரவுக்குள் இறக்கினார்கள். 38-ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது, நகரத்தில் அப்பம் தீர்ந்துகொண்டிருக்கிறது. துரவில் தண்ணீர் இல்லை, உளைதான் இருந்தது, அதில் எரேமியா அமிழ்ந்தார் என்று எழுதியிருக்கிறது. குடித்துத் தீர்ந்த துரவின் அடியில் வண்டல்தானே மிஞ்சும்? அரண்மனையில் வேலைபார்த்த எத்தியோப்பியரான எபெத்மெலேக்கு ராஜாவிடம் போய் மன்றாடி, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். வருகிற வழியில் அரண்மனைக் கிடங்குக்குள் போய்ப் பழந்துணிகளையும் கந்தைகளையும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார். கயிற்றோடு அவற்றை இறக்கி, இதை அக்குளில் வைத்து அதன் மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்று மேலிருந்து குரல் கொடுக்கிறார். எரேமியா அப்படியே செய்கிறார். இழுக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.