உன் கையெழுத்தைத் திருத்து

அவையோருக்கு வணக்கம். யூத அறிஞர்கள், அதாவது ரபிகள், நூல்களைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒரு கடல். அதில் ஒரு கை அள்ளித்தான் இன்று பேசப்போகிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு. தெற்குப் பிரான்சில் லுனேல் என்று ஒரு சிற்றூர். அங்கே யூதா இப்னு திப்பன் என்ற மருத்துவர் இருந்தார். கிரனாடாவில் பிறந்தவர், அரபு நூல்களை எபிரேயத்தில் பெயர்த்தவர். மகன் சாமுவேலுக்கு உயில்போல ஒரு நீண்ட மடல் எழுதி வைத்தார். அதில் பாதி திட்டுதான். 'உன் கையெழுத்தைத் திருத்து, நல்ல பேனாவும் மையும் வைத்துக்கொள், பிழையில்லாமல் எழுது' என்கிறார். அப்புறம் புத்தகங்களுக்கு வருகிறார். பாருங்கள், குரலே மாறிவிடுகிறது. 'மற்ற மாணவர்கள் நூல் தேடி அலைகிறார்கள், தேடியும் கிடைப்பதில்லை. உனக்கோ பல நூல்களில் இரண்டு மூன்று படிகள் சேர்த்து வைத்திருக்கிறேன்' என்கிறார். அச்சு இல்லாத காலம். ஒரு படி என்றால் ஒருவர் மாதக்கணக்கில் குனிந்து எழுதியது.

எபிரேய நூல்களை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும், அரபு நூல்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அலமாரிக்கு நல்ல விரிப்பு போட்டு மூட வேண்டும், ஈரமும் எலியும் அண்டக் கூடாது. யாராவது இரவல் கேட்டால், புத்தகம் வாசலைத் தாண்டுமுன் எழுதி வைத்துக்கொள், திரும்பி வந்ததும் அடித்துவிடு. பஸ்கா, கூடாரப் பண்டிகை என்ற நம் இரு திருநாள்களுக்கும் வெளியே போனதையெல்லாம் திரும்ப வாங்கிவிடு. இரவல் கொடுத்துப் புத்தகத்தைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் இந்த வரியின் அருமை தெரியும்!

அந்த மகன் வீணாகப் போகவில்லை. எகிப்தில் வாழ்ந்த மோசே பென் மைமோன், உலகம் மைமோனிடிஸ் என்று சொல்லும் பேரறிஞர், அரபியில் எழுதிய 'குழம்பியோர்க்கு வழிகாட்டி' என்ற தத்துவ நூலை எபிரேயத்தில் பெயர்க்க சாமுவேல் முனைந்தார். ஐயங்களை எழுதி அனுப்பினார். நேரில் வந்து பார்க்கவும் ஆசைப்பட்டார். 1199-இல் பதில் வந்தது.

அந்தப் பதிலை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்க்காதே, முதலில் பொருளை முழுதாக வாங்கிக்கொள், பிறகு உன் மொழியில் அது எப்படி வருமோ அப்படிச் சொல் என்கிறார். எந்தெந்த நூலைப் படிக்கலாம் என்றும் சொல்கிறார். அரிஸ்டாட்டிலை உரையோடு படி, அரபியில் எழுதிய தத்துவ அறிஞர் அல்ஃபராபியை விடாதே என்கிறார். அப்புறம், நீ வராதே என்கிறார்! ஏன் தெரியுமா? 'நான் இருப்பது ஃபுஸ்தாத்தில், சுல்தான் இருப்பது கெய்ரோவில். தினமும் காலையில் அரண்மனைக்குப் போக வேண்டும். பிற்பகலில் பசியோடு திரும்பினால் வீட்டு முற்றம் நிறைய நோயாளிகள். யூதர், யூதரல்லாதார், பெரியவர், எளியவர், எல்லாரும். இறங்கிக் கை கழுவி, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களைக் கெஞ்சிவிட்டு ஒருவாய் சாப்பிடுகிறேன். ஒரு நாளைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. இரவில் களைப்பால் படுத்துக்கொண்டே மருந்து சொல்கிறேன்.' அறுபதைத் தாண்டியவர். அந்த நிலையிலும் ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தனை நீளக் கடிதம். கல்விமேல் இவருக்கு இருந்த பாசத்துக்கு வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

சாமுவேல் மொழிபெயர்ப்பை 1204 நவம்பர் 30-இல் முடித்தார். டிசம்பர் 13-இல் மைமோனிடிஸ் காலமானார். இருவரும் கடைசிவரை சந்திக்கவே இல்லை.

சரி, இதுவரை சொன்ன மடல்கள் படியெடுத்தவர்கள் தயவில் நமக்கு வந்தவை. ஆனால் எழுதிய தாளே மிஞ்சிய ஒன்று உண்டு. கடவுள் பெயர் எழுதிய தாளை யூதர்கள் எறிவதில்லை, கெனிசா என்ற அறையில் போட்டுவைப்பார்கள். ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிக் குவிந்ததில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளை 1896-97 குளிர்காலத்தில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். இன்று கேம்பிரிட்ஜில் இருக்கும் கெனிசாத் தாள்களில் ஒன்று, மைமோனிடிஸின் தம்பி தாவீது 1170 வாக்கில் அண்ணனுக்கு எழுதியது.

செங்கடல் துறைமுகமான அய்தாபிலிருந்து எழுதுகிறான். பாலைவனத்தைத் தாண்டி உயிரோடு வந்துவிட்டேன், இங்கே வாங்க அவுரி நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை, அதனால் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறேன் என்கிறான். பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான், கவலைப்படாதே, வீட்டில் இருக்கும் சின்னவளைத் தேற்று என்கிறான். வணிகர் கூட்டம் கிளம்புகிற அவசரத்தில் எழுதி முடிக்கிறான்.

நம் இந்தியக் கடல்தான் பிறகு அவனைக் கொண்டுபோனது. அண்ணனின் பணமும் பிறர் பணமும் அவனோடு மூழ்கின. தம்பி கடைவீதியில் சம்பாதிக்க, அண்ணன் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்த காலம் முடிந்தது. ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1185-இல், ஆக்ரே நகரத்து நீதிபதி யாப்பேத்துக்கு எழுதுகிறார்: 'என் மடியில் வளர்ந்தவன், என் தம்பி, என் மாணவன். அவன் கையெழுத்தையோ அவன் புத்தகங்களில் ஒன்றையோ பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு புரண்டுபோகிறது.'